குழந்தைகளுக்குக் குடல் அழற்சி நோய் வருமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. நான்கு மாதமாக அடிக்கடி வயிற்றுவலி, பேதி. பூச்சி மருந்து கொடுத்தும் சரியாகவில்லை. ஒரு வருடமாக உயரமும் கூடவில்லை, அவன் தம்பி அவனை எட்டிப் பிடித்துவிட்டான். குடல் அழற்சி நோயாக இருக்குமோ என்று கேட்டால், “அதெல்லாம் பெரியவர்களுக்கு வருவது” என்கிறார்கள். குழந்தைகளில் எவ்வளவு பேருக்கு இது வருகிறது, டாக்டர்?

பதில்: வரும், அம்மா. குடலில் நீண்ட நாள் நீடிக்கும் அழற்சி (வீக்கம், புண்) இது; கிரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பவை இதன் முக்கிய வகைகள். பெரியவர்களுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதிலும் வளரிளம் பருவத்தில்தான் அதிகம். பத்து வயதுக்குள் குறைவு, ஆறு வயதுக்குள் இன்னும் குறைவு. அபூர்வமாகக் கைக்குழந்தைக்கு வந்தால், ஒற்றை மரபணுக் கோளாறு காரணமா என்று தேடுவோம்.

எண்ணிக்கை கேட்டிருக்கிறீர்கள். நோய் அதிகம் காணப்படும் ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகளில், 1 லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 10 பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். மற்ற பல நாடுகளில் இதைவிடக் குறைவு, ஆனால் கூடிக்கொண்டே வருகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளைக் கவனித்தார்கள். அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு எந்த அளவு வருகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு இவர்களுக்கும் வந்திருந்தது. ஒரு தலைமுறையில் மரபணு மாறிவிடாது. உணவு, சிறுவயதில் கொடுக்கும் ஆன்டிபயாடிக், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று சூழல் பக்கம் சந்தேகம் போவது இதனால்தான்.

ஆக, அரிய நோய்தான். வயிற்றுவலி அப்படியல்ல. 1958-ல் ஜான் ஆப்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வயிறு வலித்தது. அவர்களில் பெரும்பாலானோருக்கு உடல்நோய் எதுவும் இல்லை. இன்று என்னிடம் வரும் பிள்ளைகளிலும் அப்படித்தான். நீங்கள் வலியை மட்டும் எழுதியிருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் உயரம் கூடவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. கிரோன் என்ற வகையில், வயிறு தொந்தரவு கொடுப்பதற்கு முன்பே வளர்ச்சி தேங்கிவிடலாம். பசி குறைகிறது, அழற்சியில் சுரக்கும் பொருட்கள் வளர்ச்சி ஹார்மோனின் வேலையையும் கெடுக்கின்றன. பழைய உயரம், எடை குறித்து வைத்த காகிதங்கள் எது கிடைத்தாலும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எனக்கு ஸ்கேனைவிட அவைதான் முதலில் வேண்டும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஆசனவாயில் சீழ் உண்டா என்றும் பாருங்கள். ரத்தத்தைப் பார்த்ததும் மூலம் என்று முடிவுகட்டாதீர்கள், குழந்தைகளுக்கு மூலம் வருவது மிகக் குறைவு. முதலில் ரத்தப் பரிசோதனையும், குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் சோதனையும் போதும். அது மிக அதிகமாக இருந்தால், தொற்று இல்லை என்று பார்த்துக்கொண்டு, மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபி (வாய் வழியே), கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே) என்று கேமரா குழாயால் குடலைப் பார்த்து, பரிசோதிக்கச் சதைத் துணுக்கு எடுப்பார்கள். குடல் காசநோயும் கிரோன் மாதிரியே தோன்றும். அது இல்லை என்று தெரியும் முன் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது.

நோய் உறுதியானாலும் கலங்க வேண்டாம். கிரோன் உள்ள பிள்ளைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் மற்ற உணவை நிறுத்தி, சத்துப் பானம் மட்டுமே கொடுத்து அழற்சியைத் தணிக்க முடிகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பலன் தருகிறது, எடையும் ஏறுகிறது. அப்புறம் நோயைக் கட்டுக்குள் வைக்க மருந்துகள் உண்டு. எலும்பு வளர்ச்சி முடிவதற்குள் தொடங்கினால் விட்டுப்போன உயரத்தைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். அதனால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது. என் மகளுக்கும் வருமா?

பதில்: மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல்தான். ஆனாலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அறிகுறி இல்லாத குழந்தைக்குக் கொலோனோஸ்கோபி தேவையில்லை. அவள் நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறாளா என்று பாருங்கள். உங்கள் மருந்தை நிறுத்தாதீர்கள்.