கேளுங்கள், சொல்கிறோம்: இறக்கை விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: என் ஃபோம் ரேடியோ விமானத்துக்கு 1.4 மீட்டர் இறக்கை, 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. சிவப்பு, பச்சை, வெள்ளை என மூன்று 1 வாட் எல்இடிகளைப் பக்க இணைப்பில் போட்டு, பொதுவாக ஒரே ரெசிஸ்டர் வைத்து, ரிசீவரின் காலி சேனலில் செருகினேன். சிவப்பு பளிச்சென்று எரிகிறது. மற்ற இரண்டும் எரிந்தும் எரியாமலும் இருக்கின்றன. எல்இடி பழுதா?
- வாசகர், யீஷூன்

பதில்: எல்இடி நன்றாகத்தான் இருக்கிறது. சிவப்புக்குச் சுமார் 2.1 வோல்ட் போதும். பச்சைக்கும் வெள்ளைக்கும் 3.2 வோல்ட் வேண்டும். ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் மூன்றையும் கட்டினால், சிவப்பு வோல்ட்டேஜை 2.1-லேயே பிடித்து நிறுத்திவிட்டு, வருகிற மின்னோட்டத்தை எல்லாம் தானே குடித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும்.

அதைவிட அவசரமான வேலை, விளக்கை ரிசீவரிலிருந்து கழற்றுவது. உங்கள் இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருப்பது லீனியர் பிஇசி (ரிசீவருக்கு 5 வோல்ட் தரும் பகுதி) என்றால், நிறைந்த பேட்டரியின் 12.6 வோல்ட்டை 5 ஆக்க மீதி 7.6 வோல்ட்டையும் அது சூடாகவே கழிக்கிறது. மூன்று எல்இடியும் முழு வெளிச்சத்தில் 1 ஆம்பியர் இழுத்தால் கிட்டத்தட்ட 8 வாட் சூடு, சர்வோக்களின் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) சுமை தனி. சூடு தாங்காமல் பிஇசி நின்றுபோனால் ரிசீவரும் அணையும். அப்புறம் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது.

5 வோல்ட், 3 ஆம்பியர் ஸ்விட்சிங் யுபிஇசி (அதிகம் சூடாகாமல் வோல்ட்டேஜைக் குறைக்கும் தனி பிஇசி) ஒன்றை விளக்குக்கென்றே வையுங்கள். சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள் (எதிரே உள்ள ஸ்கொயர் அல்ல, டவர்). பேட்டரியின் பிரதான வயரிலிருந்து எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். லைப்போவில் ஷார்ட் ஆனால் மெல்லிய வயர் நொடியில் பழுக்கும், சுற்றி இருப்பதோ ஃபோம். பேலன்ஸ் பிளக்கிலிருந்து (சார்ஜ் செய்யும்போது செல்களைச் சமன்படுத்தும் சிறு பிளக்) எடுப்பவர்கள் ஓரத்து இரண்டு வயர்களை மட்டும் தொட வேண்டும். நடு வயரைத் தொட்டால் ஒன்றிரண்டு செல்கள் மட்டும் வடிந்துகொண்டே போகும்.

சிவப்புக்கு 22 ஓம், பச்சைக்கும் வெள்ளைக்கும் 12 ஓம், எல்லாமே 1 வாட் ரெசிஸ்டர். மொத்தம் சுமார் 430 மில்லி ஆம்பியர். 350 மில்லி ஆம்பியர் தாங்கும் எல்இடியை 150-க்குள் ஓட்டுவதால் சூடு குறைவு. ஆனாலும் அலுமினியத் தட்டோடு வரும் எல்இடியையே வாங்குங்கள், ஃபோமில் நேராகப் புதைக்காதீர்கள். 15 நிமிடப் பறத்தலுக்கு பேட்டரியில் 55 எம்ஏஎச் அளவே குறையும்.

மூன்றையும் தொடர் இணைப்பில் போட்டு பேட்டரியிலிருந்தே ஓட்டலாமே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 8.5 வோல்ட். நிறைந்த பேட்டரியில் ரெசிஸ்டருக்கு 4.1 வோல்ட் மிஞ்சும்; பேட்டரி 10.5-க்கு இறங்கினால் 2 வோல்ட்தான். வெளிச்சம் பாதியாகிவிடும். எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி வைத்து மின்னோட்டத்தை நிலையாக்கவும் முடியாது. அதற்கே 3 வோல்ட் அளவு தேவை.

யுபிஇசியை ரிசீவர் ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், வயர்களை முறுக்கிவிடுங்கள். விளக்கு எரிந்தபடியே ரேஞ்ச் செக் (ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை) செய்யுங்கள். சர்வோ துடித்தால் பறக்கவிடாதீர்கள்.

யீஷூனில் இருப்பதால் இன்னொன்று. செம்பவாங் விமானத்தளம் 5 கிலோமீட்டருக்குள் வருகிறது; அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிடக் கூடாது. விமானம் 250 கிராமைத் தாண்டினால் சிஏஏஎஸ் (சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) பதிவும் கட்டாயம்.

கேள்வி: எந்தப் பக்கம் எந்த நிறம்? எவ்வளவு அகலத்துக்குத் தெரிய வேண்டும்?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: விமானியின் இடக்கை சிவப்பு, வலக்கை பச்சை, வால் வெள்ளை. நிஜ விமானங்களில் சிவப்பும் பச்சையும் நேர் முன்னாலிருந்து அவரவர் பக்கம் 110 பாகை, வால் விளக்கு பின்னால் 140 பாகை. இறக்கை நுனியில் உள்பக்கமாகச் சிறு கறுப்பு அட்டை ஒட்டினால் ஒரு பக்க வெளிச்சம் மறுபக்கம் கசியாது. வெள்ளை எல்இடிமேல் வண்ணத் தாள் ஒட்டாதீர்கள், பாதிக்கு மேல் வெளிச்சம் தாளிலேயே போய்விடும்.