புதுக் காரில் 480 கிலோமீற்றர்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, ஆறு கிழமையில் வரும் என்று சொல்லி முற்பணம் வாங்கியவர்கள் மூன்று மாதம் இழுத்தடித்தார்கள், இப்போது வந்து நிற்கிற காரில் 480 கிலோமீற்றர் காட்டுகிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பனிக்காலம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல இங்கே ஊர்ப்பட்ட சனம் இருக்கிறது. நான் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: அந்தக் காரை எடுக்கும்போது நீட்டுகிற எந்தக் கடதாசியிலும் இன்னும் கையெழுத்து வைக்காதீர்கள். ஒன்ராறியோவில் டீலரிடம் ஒப்பந்தம் போட்டால், மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. இது தெரியாமல் மாட்டுப்பட்ட புதுச் சனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலையில் இருந்து நேரே வந்த காரில் சாதாரணமாகச் சில பத்துக் கிலோமீற்றருக்கு மேல் இருக்காது. ரயிலில் ஏற்றி இறக்குவது, யார்டில் நகர்த்துவது, ஒப்படைக்க முன்னம் ஓட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். 480 என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. உங்களுக்கு ஓடர் பண்ணிய கார் வராததால் வேறு டீலரிடம் இருந்து றோட்டாலே ஓட்டி வந்திருப்பார்கள். ஒட்டாவாவில் இருந்து ரொறன்ரோ வர மட்டுமே 450 கிலோமீற்றர் ஆகும். இல்லையென்றால் அது வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்க விட்டிருந்த டெமோ கார். முதலாவது என்றால் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டு எடுக்கலாம். டெமோ என்றால் கவனம், வாரண்டி ஏற்கனவே ஓடத் தொடங்கியிருக்கலாம். தொடங்கிய திகதியைத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் பண்ணி, வின் நம்பரை, அதாவது ஒவ்வொரு காருக்கும் இருக்கிற தனி அடையாள நம்பரை, சொல்லி நீங்களே கேளுங்கள்.

அந்த நம்பர் முன் கண்ணாடியின் அடியில், ஓட்டுநர் பக்கமாக இருக்கும், எழுத்தும் இலக்கமுமாக 17. முதல் எழுத்து 2 என்றால் கனடாவில் செய்தது, 3 மெக்சிக்கோ, ஜே ஜப்பான். உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிற நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பிறகு குனிந்து பொனற்றின் முன் விளிம்பைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய கார் என்றால் கல் தெறித்த சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கக்கூடும்.

தாமதத்தைப் பொறுத்தவரை, ஜப்பானில் செய்த கார் கப்பலில் வன்கூவர் பக்கம் வந்து, அங்கிருந்து ரயிலில் நாட்டைக் கடந்து வர வேண்டும். உதாரணத்துக்கு, 2021இல் காருக்குள் போடுகிற கணினிச் சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா வெள்ளம் ரயில் பாதையை அறுத்தது மறுபக்கம். இப்படியான தாமதத்துக்கு விற்பனையாளரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் திகதி எழுதியிருந்து, அது கடந்து 30 நாளாகியும் கார் வரவில்லை என்றால், நீங்கள் கையேற்க முன்னம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்து காசைத் திருப்பிக் கேட்க மாகாணச் சட்டம் இடம் தருகிறது. ஓடிய தூரத்தை மறைத்து விற்றால், கார் கைக்கு வந்து 90 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். டீலர்களைக் கட்டுப்படுத்த ஓம்விக் என்று ஒரு அமைப்பே இருக்கிறது, முறைப்பாட்டை அங்கே கொடுக்கலாம்.

"எங்கள் ஆள்தானே, வாயால் சொன்னால் போதும்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். என்னுடைய முதல் காருக்கும் ஊர் விசாரித்து, தேத்தண்ணி தந்து கதைத்தது ஒரு தமிழர்தான். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று குளிர்காலம் முழுக்கப் போனது. நான் இரவு வேலை முடிந்து மார்க்கம் றோட்டில் பஸ்ஸுக்கு நிற்பேன், மனைவி அப்போது பிள்ளைத்தாச்சி. கடைசியில் வந்த காரில் ஆயிரத்துக்கு மேல் ஓடியிருந்தது. அந்த எண்ணையும் ஏன் ஓடியது என்பதையும் எழுதித் தந்தால்தான் எடுப்பேன் என்று நின்றேன். ஆங்கிலம் தடுமாறியது, ஆனாலும் நின்றேன். கூட வந்த சொந்தக்காரர் "வந்த நாட்டில் ஏன் சண்டை, பேசாமல் எடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். இங்கே முப்பது வருடம் இருந்தும் அப்படியே பயந்து வாழ்கிறவர்களைப் பார்க்க எனக்கு இப்போதும் கோபம் வரும். மனேஜர் வந்தார், டெமோ என்று ஒத்துக்கொண்டார், வேறு கார் தந்தார்கள். மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது அந்தக் காரில்தான். பிறகு அவளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப் போனதும், அவள் ஓட்டப் பழகியதும் அதில்தான்.

உங்கள் ஒப்பந்தத்தில் திகதி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இது முடியும் வரை காப்புறுதியையும் தொடங்க வேண்டாம்.