மலையே இல்லாத ஊரில் கியர் இல்லாத மலைச் சைக்கிள்: கேள்வி பதில்

பழைய எம்டிபி (மலைச் சைக்கிள்) ஒன்றை ஒற்றைப் பல்சக்கரத்துக்கு மாற்றி ஆற்றங்கரைகளில் ஓட்டுகிறேன். அதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவை இவை.

அண்ணே, டெல்டாவில் ஏது மலை? எம்டிபி எதற்கு? (கும்பகோணம்)

மலைக்காக இல்லை தம்பி, சேற்றுக்காக. ஐப்பசி மழையில் குடமுருட்டிக் கரையில் ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். களிமண் டயரில் அப்பி, பின்னால் தொங்கும் கியர் மாற்றிக்குள் புகுந்து, கடைசியில் அதை ஸ்போக்ஸுக்குள் இழுத்துவிடும். கியரே இல்லையென்றால் அங்கே உடைய ஒன்றும் இல்லை. 1976-இல் கலிபோர்னியாவில் ரீபேக் சரிவுப் பந்தயம் தொடங்கியபோது பலர் ஓட்டியதும் கியர் இல்லாத பழைய வண்டிகளைத்தான்.

எத்தனை பல் போடலாம்? (திருவாரூர்)

26 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 32, பின்னால் 16 என்பது வழக்கமான கணக்கு. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்று. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வரும். நமக்கு ஏற்றம் என்றால் கரையில் ஏறுவதும் பாலமும்தானே என்று பின்னால் 14 போட்டேன். கணக்குப்படி 23 கி.மீ. ஆடிக் காற்றில் திருவாரூரிலிருந்து மேற்கே நீடாமங்கலம் வரை மிதித்த அன்று முழங்கால் பேசிய பேச்சு இருக்கிறதே! மறுநாளே 16-க்குத் திரும்பிவிட்டேன். இங்கே மேடு என்பது எதிர்காற்றுதான். இன்னொன்று: மரையில் திருகும் சாதா ஃப்ரீவீலில் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பின் பல்சக்கரம்) 16-க்குக் கீழே கிடைப்பதும் கஷ்டம்.

என்னிடம் 21 கியர் வண்டி இருக்கிறது. எதையெல்லாம் கழற்ற வேண்டும்? (பாபநாசம்)

கியர் லீவர், கேபிள், முன்னும் பின்னும் உள்ள கியர் மாற்றிகள் எல்லாம் போகட்டும். முன்னால் நடுப் பல்சக்கரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திருகு ஃப்ரீவீல் என்றால் அதே மரையில் ஒற்றை ஃப்ரீவீல் ஏறும். ஆனால் அது ஸ்போக்ஸை ஒட்டி உட்காரும். செயின் கோணலாக ஓடினால் கழன்று விழும். அச்சின் வாஷர்களை இடம் மாற்றி, ரிம்மை நடுவுக்கு இழுத்துத் தரச் சொல்லுங்கள். கோட்டம் எடுக்கத் தெரிந்தவருக்கு அரைமணி வேலை.

அப்புறம், சைக்கிள் சட்டத்தில் பின்சக்கர அச்சு உட்காரும் வாயைப் பாருங்கள். அது படுக்கையாக நீண்டிருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே செயினை இறுக்கலாம். நேர் கீழே திறந்திருந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கத் தனியாக டென்ஷனர் வேண்டும். செயின் நடுவில் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆடினால் போதும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றி, இறுக்கமாக நிற்கும் இடத்தில் பாருங்கள். பல்சக்கரம் எதுவும் அச்சு அசலான வட்டம் இல்லை.

சாதா சைக்கிள் செயின் போடலாமா? (மன்னார்குடி)

தாராளமாக. அது 1/8 அங்குல அகலம், கியர் வண்டிப் பல் 3/32-க்கானது. அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய செயினை அகலப் பல்லில் போட்டால் உட்காராது.

உப்புக் காற்றில் செயின் துருப்பிடிக்கிறதே? (நாகப்பட்டினம்)

நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலத்துக்கு 24 கண்ணி. தேய்ந்து அந்த 24 கண்ணியின் நீளம் 1/16 அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பல்லையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

ஃப்ரீவீல் இல்லாமல், சக்கரத்தோடு பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஃபிக்ஸட் போட்டால்? (அதே நண்பர்)

வேண்டாம். வரப்பில் பெடல் மண்ணில் தட்டாமல் இருக்க, மிதிப்பதை நிறுத்திக் காலை மட்டமாக வைத்துக்கொள்ள முடிய வேண்டும். ஃபிக்ஸடில் அது நடக்காது, வாய்க்காலில்தான் இறங்குவீர்கள்.