யாழ்ப்பாணத்து வளவில் அஸ்பரகஸ் வளருமா? கனடாவிலிருந்து கிழங்கு கொண்டுவந்தால் சரிவருமா?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: வளவு காரைநகரில், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் அக்கா அஸ்பரகஸ் கிழங்கு கொண்டுவரட்டோ என்று கேட்கிறா. அஸ்பரகஸ் என்பது இளங்குருத்தை மரக்கறியாகச் சாப்பிடும் செடி. கிழங்கு என்று இங்கே சொல்வது நடுவதற்கு எடுக்கும் அதன் வேர்க்கட்டையை.

வளரும். ஆனால் கிழங்கு வேண்டாம், விதை போதும். காரணங்கள் மூன்று. முதலாவது, ஓகஸ்ட் மாதம் கனடாவில் அந்தச் செடி பச்சையாக நிற்கிற காலம். உறக்கத்தில் இருக்கும் கிழங்கு அங்கே கடைக்கு வருவது குளிர் முடிந்த கையோடுதான். இரண்டாவது, விதையோ கிழங்கோ, இலங்கைக்குள் கொண்டுவர முன்கூட்டியே அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுநீக்கச் சேவை இருப்பதே இதற்காகத்தான். பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தால் பறிபோகும். பறிபோகாவிட்டால் இன்னும் மோசம், வேரழுகல் பூஞ்சை கிழங்கோடு சேர்ந்து வந்து உங்கள் தறையிலே குடியேறிவிடும். மூன்றாவது, அங்கே பிரபலமான ஜேர்சி ஜயன்ட், ஜேர்சி நைட் போன்றவை குளிர்நாட்டுக்கென்று தெரிந்தெடுத்த இனங்கள். வெப்பப் பகுதிக்குப் பழகியது யூசி 157. கலிபோர்னியாவில் உருவாக்கிய கலப்பினம் அது. பெரு, மெக்சிக்கோ பக்கமெல்லாம் அதைத்தான் நட்டார்கள். வாங்குவதானால் அதன் முதல் தலைமுறை விதையையே கேட்டு வாங்குங்கள். பழைய மேரி வோஷிங்டனும் முளைக்கும், ஆனால் வெயிலில் குருத்தின் தலை சீக்கிரம் விரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். புத்தகத்திலும் காணொளிகளிலும் சொல்லப்படும் முறை பனி விழும் நாட்டுக்கானது. அங்கே மேல்பகுதி முழுக்கக் காய்ந்துபோக, செடி வேரில் சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு உறங்கும். வெயில் வந்ததும் குருத்துகள் வரிசையாக எழும்பும். ஆறு, எட்டுக் கிழமைக்கு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பிறகு வளரவிடுவார்கள். எங்கள் செடிக்கு அந்த உறக்கம் இல்லை. வருகிற குருத்தையெல்லாம் இங்கே வெட்டினால் இலை இல்லை, இலை இல்லாவிட்டால் வேருக்குச் சாப்பாடு இல்லை. இரண்டாம் மாதமே குருத்து ஈர்க்கு மொத்தத்துக்கு வந்துவிடும், பிறகு அடியே செத்துப்போகும். இங்கே செடி பிழைக்காமல் போவதற்கு வெயிலைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கத்திதான்.

தாய்வானிலும் தாய்லாந்திலும் செய்வது தாய்த்தண்டு முறை. ஒவ்வொரு செடியிலும் மூன்று தொடக்கம் ஐந்து நல்ல குருத்துகளை வெட்டாமல் வளரவிட்டு, அவை இலைவிரித்து நின்ற பிறகு வரும் குருத்துகளை மட்டும் வெட்டுவது. எந்த நேரமும் செடியில் பச்சை நிற்கும். யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துவது இதுவே.

முதலில் நிலத்தைப் பாருங்கள். ஒரு தரம் நட்டால் வருடக்கணக்கில் அதே இடம்தான், ஆகவே இதில் அவசரம் வேண்டாம். மம்பட்டியால் இரண்டு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். இரண்டு அடிக்குள் சுண்ணக்கல் தட்டுப்பட்டால், அல்லது மாரியில் தண்ணீர் நிற்கிற இடமென்றால், கல் அடுக்கி ஒரு அடி உயரப் பாத்தி கட்ட வேண்டும். வலிகாமத்துச் செம்மண் ஆழமாக உள்ள இடங்களில் அரை அடி உயர்த்தினாலே போதும். வடமராட்சி மணலில் வடிகால் பிரச்சினை இல்லை, அங்கே எருவும் தண்ணீரும்தான் கூடத் தேவை. எங்கள் மண்ணும் தண்ணீரும் சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்தவை என்பது இந்தச் செடிக்கு நல்லது. அமில மண்தான் இதற்கு ஆகாது.

சவரைப் பற்றி இவ்வளவு பயப்படத் தேவையில்லை. மண்ணின் உவர்ப்பை மீற்றருக்கு இத்தனை டெசிசீமன் என்று அளப்பார்கள். வெங்காயத்துக்கு அது 1.2ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5. அஸ்பரகஸ் 4.1 வரை தாங்கும். மரக்கறிப் பயிர்களில் இவ்வளவு தாங்குபவை மிகக் குறைவு. ஒன்றை மறக்க வேண்டாம்: இது மண்ணின் அளவு, கிணற்றின் அளவு அல்ல. கோடையில் தண்ணீர் ஆவியாகி உப்பு மண்ணிலே தங்குவதால், மண்ணின் அளவு கிணற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும். அத்தோடு இந்தத் தாங்கும் சக்தி வளர்ந்த செடிக்குத்தான். நாற்றுக்கு மழைத்தண்ணீரோ நன்னீரோ மட்டும் ஊற்றுங்கள்.

விதைப்பு ஐப்பசி தொடக்கத்தில். விதையை ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள், இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். 4 அங்குல அகலம், 6 அங்குல உயரமான பொலித்தீன் பையில் மண், மணல், அரித்த கூட்டெரு மூன்றும் சம அளவாகக் கலந்து நிரப்பி, பைக்கு ஒரு விதை, ஒரு சென்ரிமீற்றர் ஆழம். மண்ணைப் பைக்குள் போடுமுன் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் நாற்றழுகல் குறையும். எங்கள் வெப்பத்தில் இரண்டு கிழமைக்குள் முளைக்கும், சில விதை மூன்று கிழமை எடுக்கும். முதலில் வருவது நூல் மாதிரியான ஒரு கம்பி, நுனியில் மெல்லிய பச்சை. புல்லென்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு வருகிற ஒவ்வொரு தண்டும் முந்தியதைவிடச் சற்று மொத்தமாக இருக்கும். பைகளைக் கிடுகுக் கூரைக்குக் கீழே, மழை நேரே படாமல், வெளிச்சம் படும்படி வையுங்கள். நத்தை ஒரு இரவிலே நாற்றை முடித்துவிடும், ஆகவே பைகளை நிலத்தில் வைக்காமல் மேசை மாதிரி ஒன்றில் அடுக்குவது நல்லது.

இந்த இடைவெளியில் பாத்தியைத் தயார் செய்யுங்கள். கோரைப்புல் இருந்தால் இப்போதே கிழங்கோடு கிளறி எடுக்க வேண்டும். நட்ட பிறகு கோரைக்கு மம்பட்டி போட்டால் அஸ்பரகஸ் வேரும் வெட்டுப்படும். வரிசைக்கு வரிசை நாலு அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. வரிசை வழியே ஒரு அடி ஆழ வாய்க்கால் வெட்டி, அடியில் பூவரசங் குழை தாழ்த்தி, மேலே மீற்றருக்கு ஐந்து, ஆறு கிலோ நன்கு உக்கிய மாட்டெருவும் ஒரு கைப்பிடி டிஎஸ்பி என்ற பொஸ்பேற் உரமும் போட்டு மண்ணோடு கலந்து, வாய்க்காலை முக்கால்வாசி நிரப்பிவிடுங்கள். குழை உக்கிச் சூடு தணிய ஆறு கிழமையாவது வேண்டும். கோழியெரு என்றால் கூட்டெருவாக்கியே போட வேண்டும். பச்சையாகப் போட்டால் வேர் கருகும், உப்பும் கூடும்.

தைக் கடைசியில், மழை விட்டதும் நடலாம். அப்போது நாற்றில் நாலைந்து தண்டு இருக்கும், பையைக் கிழித்தால் வெள்ளையான மொத்த வேர்கள் தெரியும். மண் கட்டி உடையாமல், பையில் இருந்த மட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் ஆழமாக இருக்கும்படி வையுங்கள். வாய்க்காலில் மிஞ்சிய பள்ளத்தை அடுத்த இரண்டு மாதத்தில் சிறிது சிறிதாக மூடுங்கள். தும்புச்சோறோ வைக்கோலோ மூன்று அங்குலத்துக்குப் பரப்பிவிடுங்கள், தண்டின் அடியை மட்டும் விட்டு. கறையான் உள்ள வளவில் வைக்கோலைவிடத் தும்புச்சோறு மேல்.

தண்ணீர் செம்மண்ணில் மூன்று நாளுக்கு ஒருமுறை செடிக்கு நாலைந்து லீற்றர், மணலில் ஒன்றுவிட்ட ஒரு நாள், அளவைக் குறைத்து. அடியில் ஊற்றுங்கள், இலையில் படவே வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் போட்டால் எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு துளையை அடைக்கும். மாதம் ஒருமுறை துளிப்பான்களைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்தால் திறக்கும். சோளகக் காற்று அடிக்கத் தொடங்குமுன் வரிசையின் இரு தலைப்பிலும் தடி நட்டு, இடுப்பு மட்டத்தில் இரண்டு பக்கமும் கயிறு இழுத்துவிடுங்கள். சாய்ந்த தண்டு அடியில் பிளந்து நோய்க்கு வழிவிடும்.

முதல் வருடம் வெட்டு இல்லை. புரட்டாசியில் பென்சில் மொத்தக் குருத்து வந்தால் இரண்டு கிழமை ருசி பார்க்கலாம், அவ்வளவுதான். முறையான வெட்டு அடுத்த மாசியில் தொடங்கும். அப்போது செய்ய வேண்டியது: பழைய, மெலிந்த, மஞ்சளித்த தண்டுகளை நிலமட்டத்தில் வெட்டி அகற்றுங்கள். செடிக்கு ஒரு வாளி கூட்டெரு, 10 கிராம் யூரியா, 10 கிராம் எம்ஓபி என்ற பொட்டாஷ் உரம் போட்டு மண் அணையுங்கள். அடுத்து வரும் குருத்துகளில் விரல் மொத்தமான, ஒன்றையொன்று நெருக்காத நாலைத் தெரிந்து வளரவிடுங்கள். அவை நெஞ்சளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இலை முழுதாக விரிந்து கடும்பச்சையான பிறகே கத்தியை எடுங்கள். இரண்டு, இரண்டரை மாதத்தில் தாய்த்தண்டு மங்கும், குருத்தும் மெலியும். வெட்டை நிறுத்தி, ஒரு மாதம் ஓய்வு கொடுத்து, புதிய நாலைத் தாயாக்கி, பழையதை அகற்றி, திரும்பவும் எரு.

இந்தக் கணக்கில் மாசி கடைசி தொடக்கம் வைகாசி வரை ஒரு வெட்டு, ஆனியில் ஓய்வு, ஆடி தொடக்கம் புரட்டாசி வரை இன்னொரு வெட்டு என்று வரும். பெருவின் கரையோரப் பாலைநிலத்தில் தண்ணீரை நிறுத்தியே செடியை உறங்கவைக்கிறார்கள். எங்கள் கோடையிலும் அது முடியும், ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த செடியில் செய்து பார்க்க வேண்டாம்.

ஐப்பசி தொடக்கம் தை வரை வெட்டவே வேண்டாம். கத்திக்கு அடுத்தபடியாக யாழ்ப்பாணத்தில் இந்தச் செடிக்கு எமன் மாரிதான். தண்டின் கீழ்ப்பகுதியைக் குனிந்து பாருங்கள். முதலில் தண்ணீர் ஊறினாற்போல் நீளமான புள்ளி. சில நாளில் அது கபில நிறமாகி, நடு வெளிறி, அந்த வெளிறலில் கசகசா தூவினாற்போல் கறுப்புப் பொட்டுகள். அதுதான் தண்டுக் கருகல். அந்தப் பொட்டுகளிலிருந்து வெளிவரும் வித்திகளை மழைத்துளி தெறித்து அடுத்த தண்டுக்குக் கொண்டுபோகும். இளந்தண்டுதான் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே மாரிக்கான தாய்த்தண்டுகள் புரட்டாசிக்குள்ளேயே முற்றிவிட வேண்டும். கருகிய தண்டை அடியோடு வெட்டி எரியுங்கள், எருக்குழிக்குள் போட வேண்டாம். மருந்தடிப்பதானால் மழைக்கு முன்னரே மன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லேபலில் உள்ள அளவில் தண்டின் அடி நனைய அடிக்க வேண்டும். நோய் பரவிய பிறகு அடித்துப் பெரிதாகப் பலனில்லை. பத்து, இருபது செடிதான் என்றால் மருந்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு: நாலு தடி நட்டு மேலே ஒளிபுகும் பொலித்தீன் கூரை, பக்கங்கள் திறந்தபடி. தெறிப்பு நின்றால் நோய் நன்றாகக் குறையும்.

செடி முழுதும் மஞ்சளித்து, வெட்டிய அடியில் செங்கபிலக் கோடுகள் தெரிந்தால் அது வேரழுகல். மருந்தில்லை. சுற்றுமண்ணோடு தோண்டி அகற்றுங்கள், அந்த இடத்தில் திரும்ப அஸ்பரகஸ் வைக்க வேண்டாம். ஒரு பக்கம் வளைந்த குருத்து நோயல்ல, பூச்சி கடித்த பக்கமோ மணல் அடித்த பக்கமோ வளர்ச்சி குறைந்து அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். பச்சைப் புழுக்களைக் காலையில் கையால் பொறுக்கலாம்.

செடிகளில் ஆண், பெண் வேறு வேறு. பூவில் தெரியும்: ஆண்பூ சற்று நீண்ட மணி போல, உள்ளே ஆறு மகரந்தக் கேசரம். பெண்பூ சிறியது, பிறகு சிவப்புப் பழம் பிடிக்கும். பெண் செடியின் குருத்து எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தடிப்பு கூடுதல். பிடுங்கத் தேவையில்லை, ஆனால் பழங்களைப் பச்சையிலேயே உருவிவிடுங்கள். சின்னப்பிள்ளைகள் வாயில் போட்டால் வயிற்றைக் குழப்பும், விழுந்தால் பாத்தி முழுக்க முளைக்கும். இலைக்கஞ்சிக்குப் போடும் சாத்தாவாரியும் இதே சாதிதான். அது கொடி, முள்ளுள்ளது, பற்றைக்குள்ளே தானாக வளரும். அதைப் பார்த்து இதையும் கவனியாமல் விட்டால் சரிவராது.

வெட்டு விடியற்காலையில். குருத்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது, தலை இறுக்கமாக இருக்கையில், நிலமட்டத்தில். பங்குனி, சித்திரை வெயிலில் சாணுக்கு விட்டால் தலை விரிந்துவிடும், ஆகவே ஐந்து, ஆறு அங்குலத்திலேயே வெட்டுங்கள், பின்னேரமும் ஒருமுறை பாருங்கள். விரிந்ததைச் சாப்பிடலாம், நார் இருக்கும். வெட்டிய குருத்து வெளியே கிடந்தால் மணிக்கணக்கில் இனிப்புப் போய் அடிப்பக்கம் நாராகும். அடி நனையத் தண்ணீரில் நிமிர்த்தி வைத்து உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். நாலைந்து நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். வறை செய்வதென்றால் அடியில் இரண்டு அங்குலத்தைத் தோல் சீவி, தேங்காய்ப்பூ போடுவதற்கு இரண்டு நிமிடம் முன் சட்டியில் போட்டால் போதும்.