உடற்கூறியலில் தோற்ற மகளுக்கு நர்சிங் ஒத்துவராதா?

வணக்கம் அம்மா,

முதல் தேர்விலேயே உடற்கூறியலில் தோற்றுவிட்டு, "வேறு ஏதாவது படிப்பில் சேர்த்துவிடுங்கள்" என்று உங்கள் மகள் அழுவதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு மதிப்பெண்ணை வைத்துப் படிப்பை மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொரு வரி: "ராத்திரி ஒரு மணிவரை எலும்புப் பெயர்களை எழுதி எழுதிப் பார்க்கிறாள், காலையில் எல்லாம் மறந்துபோகிறது." சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள், 600க்கும் மேற்பட்ட தசைகள், மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகள் மட்டும் 12 ஜோடி. இதையெல்லாம் பட்டியலாக உருப்போட்டால் யாருக்கும் மறக்கத்தான் செய்யும். அவளுடைய நினைவாற்றலில் குறை இல்லை. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, உறுப்புகளின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இனி வருவதை அவளிடமே படிக்கக் கொடுங்கள்.

சரிம்மா, இப்போது உன்னிடம் பேசுகிறேன். புத்தகத்தை மூடு. வலது கையின் நடு மூன்று விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வை. லேசாக அழுத்து. அடியில் தட்டுப்படுகிற எலும்பு ரேடியஸ். அதன்மேல் துடிப்பது ரேடியல் தமனி. நாடி பார்க்க ஏன் இந்த இடம்? தமனி இங்கே தோலை ஒட்டி வருகிறது, அழுத்திப் பிடிக்க அடியில் எலும்பும் இருக்கிறது. கட்டைவிரலால் ஏன் பார்க்கக் கூடாது? கட்டைவிரலிலேயே துடிப்பு உண்டு, நோயாளியின் நாடி என்று நினைத்து உன் நாடியையே எண்ணிவிடுவாய். எலும்பு, தமனி இரண்டின் பெயரும் ஒரே தொடுதலில் வந்துவிட்டன. இவை மறக்காது.

இப்போது எண்ணு. நிமிடத்துக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பெருக்கிப் பார், கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஒருவருக்கு உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்று வை. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் ஒரு துடிப்புக்கு 50 மில்லிதான் போகிறது. உடம்பு சும்மா இருக்காது. துடிப்பை 100 ஆக்கும். நூறு ஐம்பது, மறுபடியும் 5 லிட்டர். கூடவே ரத்தக் குழாய்களை இறுக்கும். அதனால்தான் தோல் வெளிறி, கைகால் சில்லிட்டுப் போகிறது. இத்தனைக்கும் ரத்த அழுத்தம் சரியாக இருப்பது போலவே காட்டலாம். உடம்பால் ஈடுகட்ட முடியாமல் போகும்போதுதான் அது சரியும். நாடி 84, அப்புறம் 98, அப்புறம் 112 என்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டே படுக்கையருகில் நிற்பவள் நர்ஸ். 'பிரஷர் நார்மல்தானே' என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரைக் கூப்பிட உன்னைத் தூண்டப்போவது இந்தச் சின்னப் பெருக்கல்தான். முதல் வருடத்திலேயே இந்தப் பாடத்தை வைத்திருப்பது இதற்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்றவற்றையும் இதே கண்ணோடு பார். பிட்டத்தில் ஊசி போடும்போது அதை நான்காகப் பிரித்து, மேல்பக்க வெளிப் பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உடம்பிலேயே தடிமனான சயாட்டிக் நரம்பு அதற்குக் கீழே, உள்பக்கமாகப் போகிறது. அதில் ஊசி பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமலே போகலாம். காரணம் தெரிந்துவிட்டால் அந்த நரம்பின் பாதையை நீ இன்னொரு முறை உருப்போட வேண்டியதில்லை.

இதயத்தின் இடப்பக்கம் பலவீனமானால் ரத்தம் பின்னால் தேங்கும். பின்னால் இருப்பது நுரையீரல், அதனால் படுத்தால் மூச்சு முட்டும். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்கிறோம். வலப்பக்கம் பலவீனமானால் உடம்பிலிருந்து வரும் சிரைகளில் தேங்கும், கால் வீங்கும். ரத்த ஓட்டத்தின் பாதையை அம்பு போட்டு ஒருமுறை வரைந்தவளுக்கு இந்த இரண்டும் தானாக வந்துவிடும்.

பெயர்களுக்கு ஒரு சின்ன வழி. அவற்றை உடைத்துப் படி. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம், ஆக நெஃப்ரைட்டிஸ். 'டாக்கி' வேகம், 'பிராடி' மெதுவு. இப்படி ஓர் ஐம்பது துண்டுகள் தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் புரியும்.

இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் அதிக நேரம் கொடு. எலும்புகளை உன் உடம்பிலேயே தொட்டுத் தொட்டுப் படி. ஒரு பாடம் முடிந்ததும் வெற்றுத் தாளில் படம் வரைந்து, வாய்விட்டு விளக்கு. எங்கே தடுமாறுகிறாயோ அதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது. அப்புறம், ஒரு மணிவரை கண்விழிப்பதை விட்டுவிடு. படித்தது மனதில் பதியத் தூக்கம் வேண்டும்.

அம்மா, தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் அவள் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை, "ஏன்?" என்று மட்டும் கேட்டால் போதும். படிப்பை மாற்றுவது பற்றி, அவள் வார்டுக்குப் போய் நோயாளிகளோடு சில வாரம் இருந்த பிறகு பேசுவோம். அவர்களைத் தொட்டுப் பராமரிக்கவே மனம் வரவில்லை என்று அப்போதும் சொன்னால், அது யோசிக்க வேண்டிய காரணம்தான், நானே வேறு வழி தேடித் தருகிறேன்.

அதற்கு முன் இந்த வாரமே புத்தகத்தைப் பார்க்காமல் இதயத்தின் நான்கு அறைகளையும் ரத்தம் போகும் பாதையையும் வரைந்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வால்வு ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பரவாயில்லை, பார்த்துச் சொல்கிறேன்.