கடனை அடைப்பதா, கையில் பணம் வைப்பதா? (கேள்வி பதில்)

கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வசூல் கணக்குப் பார்த்தேன், 19 வருடம். அதன் பிறகு, கடனில் திணறும் குடும்பங்களோடு உட்கார்ந்து வரவு செலவு எழுதித் தருவதே வேலையாகிவிட்டது. கடன் கட்டிக்கொண்டே அவசர நிதியும் சேர்ப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வட்டியும் விதியும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் தொகையாகச் சொல்லாமல், மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: கடன் அட்டையில் மாதம் 3 சதவீதம் வட்டி ஓடுகிறது. சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கே 4 சதவீதம்தான். இருப்பதையெல்லாம் கடனில் போடுவதுதானே புத்திசாலித்தனம்? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு குழந்தைகள்.

வெறும் கணக்காகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மாதம் 3 சதவீதம் என்றால், 100 கடன் வருடக் கடைசியில் 142 தாண்டிவிடும். அதே 100 சேமிப்பில் 104 ஆகும். கடனில் போடாமல் கையில் வைத்த ஒவ்வொரு 100க்கும் வருடத்துக்குச் சுமார் 38 நஷ்டம். இதை மறைத்துவிட்டு அவசர நிதியின் பெருமையைப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். திருமணமாகி நாலாவது வருடம், அட்டைக் கடன் முழுவதையும் ஒரே நாளில் கட்டினேன். வீட்டு நோட்டில் அன்றைய தேதி போட்டு ‘கடன் முடிந்தது’ என்று என் மனைவி எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். கணக்கில் மிஞ்சியது அந்த வாரச் செலவுக்கு மட்டும்தான். பத்தொன்பதாவது நாள் இரவு, குழந்தைக்கு மூச்சுத் திணறல். மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். அதே அட்டையை நீட்டினேன். அதில் தீராத மீதியைத் தெரிந்தவர் ஒருவரிடம் அன்றிரவே வாங்கினேன், அட்டையைவிட அதிக வட்டிக்கு. குழந்தை நன்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்தப் பணம் கட்டிய சீட்டை நாலாக மடித்து, ‘கடன் முடிந்தது’ என்று எழுதிய அதே பக்கத்தில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வட்டி நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. ‘என்ன கட்டினாலும் திரும்ப வந்துவிடுகிறது’ என்று மனசு விட்டுப்போய், எட்டு மாதம், அட்டைக்காரர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் ஒரு காசு கட்டவில்லை. கடன் குறைய வேண்டுமானால் முதலில் புதுக் கடன் நிற்க வேண்டும். அதை நிறுத்துகிற வேலையைச் செய்வதுதான் அவசர நிதி. அதனால் முதலில் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் மிச்சம் மொத்தத்தையும் அட்டையில் போடுங்கள். அட்டை முடிந்த பிறகு நிதியை மூன்று மாதம், ஆறு மாதம் என்று வளர்க்கலாம்.

கேள்வி: அந்த ‘ஒரு மாதச் செலவை’ எப்படிக் கணக்கிடுவது? எங்களுக்கு 100 வருகிறது. குடும்பச் செலவு 64. கட்டாயத் தவணைகள் 21, அதில் அட்டைக்குக் குறைந்தபட்சம் 6. மிச்சம் 15. அட்டையில் 120 பாக்கி, மாதம் 3 சதவீதம்.

இப்படி எழுதிக்கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

64ல், வேலை போனால் மறுநாளே நிறுத்திவிடக்கூடியவை எவை என்று பாருங்கள். 14 என்று வைத்துக்கொள்வோம். மீதி 50. அதோடு தவணை 21ஐயும் சேருங்கள், 71. பலர் தவணையை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். வருமானம் நின்றாலும் தவணைத் தேதி நிற்காது.

இப்போது மூன்று வழிகளைப் பார்ப்போம். வெறும் 6 மட்டும் கட்டிக்கொண்டு போனால், முதல் மாதம் 3.6 வட்டிக்கே போய்விடும், அசலில் 2.4தான் குறையும். அட்டை முடிய 31 மாதம். அந்த 6உடன் மிச்சம் 15ஐயும் சேர்த்து அட்டைக்கு மட்டும் 21ஆகக் கட்டினால் ஏழாவது மாதம் முடிந்துவிடும், ஆனால் அதுவரை கையில் ஒன்றும் இருக்காது. நான் சொல்லும் வழியில், முதல் ஐந்து மாதம் 15ஐ நிதியில் போட்டு 71ஐத் தாண்டுகிறீர்கள், அட்டைக்கு 6 மட்டும். ஆறாவது மாதத்திலிருந்து 6, 15 இரண்டும் சேர்ந்த 21ஐ அட்டையில் போடுகிறீர்கள். பதினோராவது மாதம் அட்டை முடிகிறது.

இரண்டாவது வழியில் மொத்த வட்டி 14க்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் 28 சொச்சம். வித்தியாசம் சுமார் 14.5, அதாவது உங்கள் ஒரு மாத மிச்சம். ஐந்தாவது மாதத்திலிருந்து குடும்பத்துக்குப் பின்னால் ஒரு மாதச் செலவுக்கான பணம் நிற்பதற்கு அதுதான் விலை. என் பார்வையில் அது கொடுக்கத் தகுந்த விலை. காப்பீட்டுக்குப் பணம் கட்டும்போது ‘இந்த வருடம் ஒன்றும் ஆகவில்லையே, வீண்’ என்று நினைக்க மாட்டோம் அல்லவா?

ஒன்று கவனியுங்கள்: பாக்கி குறையக் குறைய அட்டைக்காரர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறையும். அவர்கள் 4 கேட்டாலும் நீங்கள் 6ஐ விடாதீர்கள். மேலே போட்ட கணக்கு அந்த 6 மாறாமல் இருப்பதை நம்பித்தான்.

கேள்வி: அவசர நிதி சேர்த்தாலும் தங்குவதே இல்லை. பள்ளிக் கட்டணம், வண்டிக் காப்பீடு, டயர் என்று வருடத்தில் நாலு முறை காலியாகிவிடுகிறது.

நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அவசரம் இல்லை. பள்ளிக் கட்டணம் எந்த மாதம் வரும் என்று இன்றைக்கே தெரியும். டயர் தேய்வதும் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டி, 12ஆல் வகுங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். இது அவசர நிதி அல்ல, வீட்டுச் செலவின் ஒரு பகுதி. முந்தைய கேள்வியில் உள்ள 64க்குள்ளேயே இது அடங்கியிருக்க வேண்டும்.

முதல் முறை இந்தத் தாளைப் போடும்போது பலருக்கு முகம் வாடிவிடும், ‘மிச்சம்’ என்று நினைத்தது மிச்சமே இல்லை என்று தெரியவரும். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தெரியாமல் இருந்த வருடங்களில் அந்த ஓட்டையை அட்டைதான் அடைத்துக்கொண்டிருந்தது.

கேள்வி: அண்ணா, எனக்கு ஐந்து கடன் இருக்கிறது. சின்னதை முதலில் முடிப்பதா, வட்டி அதிகமானதை முதலில் முடிப்பதா? போன வருடம்தான் திருமணம்.

தம்பி, வட்டி அதிகமானதை முதலில் அடித்தால் மொத்தத்தில் குறைவாகக் கட்டுவாய். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனுஷ மனசு வேறு மாதிரி. டேவிட் கால், பிளேக் மக்ஷேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கடனிலிருந்து வெளிவர முயன்றவர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2012ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எவ்வளவு தொகை குறைந்தது என்பதைவிட, எத்தனை கணக்குகள் முழுதாக மூடப்பட்டன என்பதுதான் ஒருவர் கடைசிவரை தாக்குப்பிடிப்பாரா என்பதை நன்றாகக் காட்டியது.

வட்டிகள் ஏறத்தாழ சமமாக இருந்தால் சின்னதை முடி. ஐந்து கடன் மூன்றாகும்போது வரும் தெம்பு சாதாரணமானது அல்ல. ஆனால் ஒன்று வருடத்துக்கு 36 சதவீதம், மற்றது 10 சதவீதம் என்றால், சின்னது பெரியது பார்க்காதே, 36ஐத்தான் முதலில். அந்த வட்டி மாதம் 3 சதவீதமாக ஏறினால், கட்டாமல் விட்ட கடன் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகிவிடும்.

கேள்வி: அட்டையில் பெரிய வரம்பு இருக்கிறது. அதையே அவசர நிதியாக வைத்துக்கொண்டால் என்ன?

அந்த வரம்பு உங்களுடையது இல்லை, கொடுத்தவருடையது. அவர் நினைத்தால் குறைத்துக்கொள்வார். 2008 நெருக்கடியிலும், மறுபடி 2020லும் அமெரிக்காவில் பலருக்கு அட்டை வரம்பு குறைக்கப்பட்டது. ஊரெல்லாம் வேலை போகும்போதுதான் கொடுப்பவரும் பயப்படுவார்.

பங்குச் சந்தையில் வைக்கலாமா என்று இன்னும் இருவர் கேட்டிருந்தார்கள். அதற்கும் இதே பதில்தான். 2020 பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் இடையில் அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 34 சதவீதம் விழுந்தது. வேலைகள் கூட்டம் கூட்டமாகப் போனதும் அதே நாட்களை ஒட்டித்தான். இரண்டு அடியும் சேர்ந்தே விழும். வட்டி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே நாளில் எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் வையுங்கள். தினமும் புழங்கும் கணக்கில் மட்டும் வேண்டாம், கரைந்துவிடும்.

கேள்வி: வீட்டுக் கடன் மட்டும்தான் இருக்கிறது. வருடத்துக்கு 8 சதவீதம். கூடுதலாகக் கட்டட்டுமா?

அவசர நிதி ஆறு மாதச் செலவை எட்டிய பிறகு கட்டுங்கள். வீட்டுக் கடனில் முன்கூட்டிப் போட்ட பணத்தை, தேவைப்படும்போது திருப்பித் தரச் சொல்லிக் கேட்க முடியாது, பெரும்பாலான கடன்களில் அதற்கு வழி இல்லை. கூடுதலாகக் கட்டிய அடுத்த மாதம் வருமானம் நின்றாலும், தவணையை முழுதாகத்தான் கேட்பார்கள்.

கேள்வி: என் கணவருக்கு மாதாமாதம் ஒரே மாதிரி வருமானம் வராது. ஒரு மாதம் நிறைய, ஒரு மாதம் ஒன்றுமில்லை. எனக்கு வேலை இல்லை.

போன 12 மாத வரவை எழுதுங்கள். அதில் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியை உங்கள் மாத வருமானமாக வைத்துக் குடும்பத்தை ஓட்டப் பாருங்கள். முழுதாக முடியாது, எவ்வளவு நெருங்க முடிகிறதோ அவ்வளவு. நல்ல மாதத்தில் மேலே வருவதைப் பாதிப் பாதியாக நிதிக்கும் கடனுக்கும் பிரியுங்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஒரு மாத நிதி போதாது. இரண்டு மாதம் சேர்ந்த பிறகே கடனில் வேகம் காட்டுங்கள். அட்டை வட்டி கொஞ்சம் கூடும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

கேள்வி: எல்லாக் கடனையும் ஒரே கடனாக மாற்றித் தருகிறோம், வட்டியும் குறைவு என்கிறார்கள்.

காலத்தையும் கேளுங்கள். வட்டி பாதியாகி, காலம் மூன்று மடங்கானால் மொத்தத்தில் அதிகமாகத்தான் கட்டுவீர்கள். மாற்றினால், காலியான அட்டையை அன்றே மூடிவிடுங்கள். காலி அட்டை ஒரே வருடத்தில் மறுபடி நிரம்பி, இரண்டு கடனோடு வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏற்கெனவே இரண்டு தவணை தவறிவிட்டது. எனக்கெல்லாம் அவசர நிதி என்பது பேராசையா?

பேராசை இல்லை. ஆனால் வரிசை மாறும். தங்கும் இடம், சாப்பாடு, மருந்து, வேலைக்குப் போகும் செலவு, இவைதான் முதலில். அடுத்து, கட்டாவிட்டால் பொருளைப் பிடுங்கிப் போகக்கூடிய கடன். மற்றவை பிறகு. மூன்றாவது தவணைத் தேதிக்கு முன்னால் நீங்களே கூப்பிடுங்கள். வசூல் மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: தேதிக்கு முன் தானாக வந்து ‘இவ்வளவுதான் முடியும்’ என்று சொன்னவரிடம் பேச எங்களுக்கு வழிகள் இருந்தன. தொலைபேசியை எடுக்காதவரிடம் எதுவுமே பேச முடியவில்லை. ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பெயரில் ஒரு கடன் இருப்பது மனைவிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமலே அடைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

சொல்லிவிடுங்கள். இதை அறிவுரையாக இல்லாமல் கணக்காகவே பாருங்கள். நீங்கள் ரகசியமாகக் கட்டும் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். அவர் நிதிக்கென்று ஒதுக்குவதிலிருந்துதான் பெரும்பாலும் வரும். வீட்டில் இரண்டு கணக்கு ஓடினால் இரண்டுமே தப்பாகத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குழந்தைகள் எழுவதற்கு முன், ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாக்கி, வட்டி, தேதி, மூன்று பத்தி போதும். ‘இதுதான் மொத்தம், இதற்கு மேல் இல்லை’ என்று சொல்ல முடிய வேண்டும். பாதியைச் சொல்லி மீதியை அடுத்த மாதம் சொன்னால், முதலில் சொன்னதும் நம்பப்படாது. கோபப்படுவார், அழலாம். அன்றைக்கே திட்டம் போட வேண்டாம், இரண்டு நாள் விடுங்கள். இப்படி உட்கார்ந்த பிறகு, நீங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத இடத்தில் செலவைக் குறைத்துக் காட்டுபவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

கேள்வி: ஒன்றரை வருடம் சேர்த்த நிதி, அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு ஒரே வாரத்தில் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா? மனசே இல்லை.

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? நீங்கள் புதுக் கடன் எதையும் எழுதவில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா மட்டும்தான் வந்தார், ஒரு தவணை அட்டவணையும் கூடவே வரவில்லை. அதற்காகத்தானே ஒன்றரை வருடம் சேர்த்தீர்கள்.

இந்த மாதத்திலிருந்து கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவதை நிறுத்துங்கள், கட்டாயத் தவணை மட்டும். அந்தக் கூடுதல் தொகை ஒரு மாதச் செலவை எட்டும்வரை நிதிக்குப் போகட்டும், எட்டியதும் பழையபடி கடனுக்குத் திருப்புங்கள். போன தடவை ஒன்றரை வருடம் ஆனது முழுத் தொகையும் சேர. இப்போது உங்களுக்கு வேண்டியது முதல் மாதம் மட்டும்.