கிம் என்றால் தட்டார் வம்சமா?

கேள்வி: கொரியாவில் 'கிம்' என்ற குடும்பப் பெயருக்குத் தங்கம் என்று அர்த்தமாமே? அப்படியானால் கிம்கள் எல்லோரும் ஆதியில் நகை செய்தவர்கள்தானே? ஒரே ரத்தம்தானே?

பதில்: இரண்டுமே இல்லை. பெயரைக் கேட்டதும் தொழிலையும் சாதியையும் துழாவுகிற பழக்கத்தைக் கொரியா வரைக்கும் கொண்டுபோகாதீர்கள். இத்தாலியின் ஃபெராரி இரும்படித்த கொல்லரிடமிருந்து வந்த பெயர், சரி. கிம் அப்படி வந்ததல்ல. பழைய கொரியாவின் அரசுகளில் ஒன்றான சில்லாவின் தலைநகர் கியோங்ஜுவின் காட்டில், மரக்கிளையில் ஒரு தங்கப் பெட்டி தொங்கியதாம், அடியில் ஒரு வெள்ளைச் சேவல் கூவிக்கொண்டிருந்ததாம், திறந்து பார்த்தால் உள்ளே ஓர் ஆண் குழந்தை. தங்கப் பெட்டியில் வந்தவன் என்பதால் கிம் ஆல்ஜி. 1145-ல் முடிந்த 'சம்குக் சாகி' என்ற சரித்திர நூல் இதைச் சொல்கிறது (அதைத் தொகுத்த கிம் பூசிக்கும் அதே கியோங்ஜு கிம்தான்). கிம்ஹே ஊர்க் கிம்களுக்கு மூதாதை வேறு: வானிலிருந்து இறங்கிய தங்க முட்டையில் பிறந்த சுரோ மன்னர். ஆக, இந்தத் தங்கம் பட்டறைத் தங்கம் அல்ல, நாங்கள் வானத்திலிருந்து வந்த அரச குலம் என்ற உரிமைக்குரல்.

அப்புறம் ரத்தம். 2015 கணக்கெடுப்பில் தென்கொரியாவில் கிம்கள் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் கூடுதல். இத்தனை பேரும் ராஜா வீட்டுப் பிள்ளைகளாக இருக்க முடியாது. ஜொசோன் என்ற அரச வம்சம் கொரியாவை ஆண்ட காலத்தில் அடிமைகளுக்கும் ஏழை எளியவர்கள் பலருக்கும் குடும்பப் பெயரே கிடையாது. பின்னாளில் கையில் காசு சேர்ந்தவர்கள் 'ஜொக்போ' என்ற வம்சாவளி ஏட்டை விலைக்கு வாங்கித் தங்கள் பெயரை அதில் ஏற்றிக்கொண்டார்கள், 1909-ல் எல்லோரும் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது மிச்சமிருந்தவர்களில் பலர் கிம், லீ, பார்க் என்று பெரிய பெயர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயரே மறுக்கப்பட்டவர் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது உயர்ந்ததை ஏன் எடுக்கக் கூடாது?

'ஒரே ரத்தம்' என்கிற ஊகம்தான் உண்மையில் ஆட்களை வதைத்தது. ஒரே ஊர் வழிக் கிம்கள் இருவர், உறவே தெரியாதவர்களாக இருந்தாலும், சட்டப்படி கல்யாணம் செய்ய முடியாமல் இருந்தது. 1997-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது, 2005-ல் சட்டமும் திருத்தப்பட்டது. இப்போது பார்ப்பது பெயரை அல்ல, நிஜமான நெருங்கிய உறவா என்பதை மட்டும்தான்.